இரண்டாவது எழுத்து

"அண்ணை வரேல்லையோ?"
ஸ்ரான்லி வீதிக் கடைப் பொடியன்
என் தோளுக்குப் பின்னால் தேடினான்.

வரவில்லை.
ஜீப்பை உயர்த்தியது அவர்.
முப்பத்துமூன்று அங்குல டயர், இரும்பு பம்பர்,
அதில் ஒரு வின்ச், கூரையில் தட்டு,
தட்டில் தண்ணீர்க் கான், மண்வெட்டி, கூடாரம்.
மணற்காட்டு மேடுகளில் ஏற்றி இறக்கிப்
படமும் எடுத்தாயிற்று.
கூட்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.
சில்லுக்குள் மட்டும்
கொம்பனியோடு வந்த அதே பிரேக் பாட்.

ஹல்துமுல்லை இறக்கத்தில்
ஓடிக்கொண்டிருந்தது நான்.

எத்தனையாவது வளைவென்று தெரியாது.
மிதி கல்லாக இறுகியது.
இருக்கையை விட்டு எழும்பி முழுப் பாரமும் கொடுத்தேன்.
மிதி இருந்தது, பிடி இல்லை.
பிசின் எரிகிற மணம்.
அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.
இரண்டாம் கியர், பிறகு முதலாம் கியர்,
எஞ்சின் குழறக் குழற
தேயிலைக் கானுக்குள் ஒரு சில்லை இறக்கி
நிற்பாட்டினேன்.
யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை இரண்டு பேரும்
மழையைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

"மிதி கல்லானதோ, பஞ்சானதோ?"
"கல்."
"அப்ப பாட்தான். பஞ்செண்டால் எண்ணெய் கொதிச்சிருக்கும்.
எண்டாலும் எண்ணெயையும் மாத்துங்கோ."
இப்போது அவன் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தான்.

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான்.
ஒன்று, சத்தம் இல்லை, தூசி இல்லை,
ரவுனுக்குள் ஓடுகிறவர்களுக்கு.
மற்றது பந்தயக்காரருக்கு, சூடேறினால்தான் கடிக்கும்.
கொக்குவில் ஒழுங்கையை நினைத்தேன்.
காலை ஆறு மணி,
கேற்றைத் திறந்த கையோடு
இரண்டு பக்கமும் பாராமல் வெளிக்கிடும் சைக்கிள்கள்.
அவற்றிடம் போய்
கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் சூடாகவில்லை
என்று சொல்ல முடியாது.

மூன்றாவதைக் கவிழ்த்து ஓரத்தைப் பார்த்தேன்.
அச்சடித்த இரண்டு எழுத்து.
முதலாவது, ஆறிக் கிடக்கையில் எப்படிப் பிடிக்கும் என்பது.
இரண்டாவது, கொதித்த பிறகு.
கைப்பையிலிருந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
எஃப், ஈ.
புதியது ஜீ, ஜீ.
கலியாணம் பேசுகிறபோதும் எல்லோரும்
முதலெழுத்தைத்தான் கேட்டார்கள்.
சிரிப்பு வந்தது. அவனுக்குச் சொல்லவில்லை.

"இது கத்தும் அக்கா. வட்டையும் தின்னும்."
"கத்தட்டும்."
இருபத்தாறாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பூட்டியது குருநகர் றெஜினோல்ட்.
மலையைக் கண்ணால் காணாத மனிசன்.
ஆனையிறவைத் தாண்டியது இரண்டு தரம்,
இரண்டும் மடுத் திருவிழாவுக்கு.
கருகிப் பளபளத்த பழைய பாட்டை நகத்தால் சுரண்டி மணந்து,
"சரியான நீட்டு இறக்கம் போல" என்றார்.
"எண்பதிலை ஓடி இருபதுக்கு இறக்குங்கோ, பத்துத் தரம்.
இடையிலை நிக்கக் கூடாது.
முடிஞ்சதும் ஹான்ட் பிரேக்கிலை கை வைக்காதேங்கோ,
ஆறும்வரை உருட்டுங்கோ."

எங்கள் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது?
இருப்பது சங்குப்பிட்டிப் பாலம்,
பனையளவு உயரமும் இல்லை.
கேரதீவு றோட்டில் இரண்டு பக்கமும் கடல்நீர்,
கிட்டத்தட்ட றோட்டின் மட்டத்தில்.
ஒன்று. இரண்டு.
இறால் வலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்கள்,
ஓடுகிறாள், பிடிக்கிறாள், திரும்ப ஓடுகிறாள்.
ஆறில் அந்த மணம் வந்தது.
கால் தன்பாட்டில் நடுங்கியது,
தேயிலைக் கானை அது மறக்கவில்லை.
ஏழு.
எட்டு, பாலத்தின் அந்தச் சின்ன இறக்கத்தில்.
பிடித்தது.
ஒன்பது. பத்து.
கடைசிப் பிடிதான் எல்லாவற்றிலும் இறுக்கம்.

பூநகரிப் பக்கம் மெல்ல உருட்டிக்கொண்டு போனேன்.
கண்ணாடியைத் திறக்க உப்புக் காற்று,
அதற்குள் சுட்ட இரும்பு மணம்.
போன் அடித்தது.
"என்ன மாதிரி?"
"கத்துது."
"ஆர், நீயோ?"

"ரெண்டு பேரும்" எண்டன்.