மலைக்கு ஒரு விளக்கு

இந்த ஏரிக்கரை ஊரில்
நகராட்சி வாசலில் ஒரு விளக்குக் கம்பம்.
வண்டிகளுக்கு அல்ல, மலைக்கு.
பச்சை என்றால் எரிமலை உறங்குகிறது,
மஞ்சள் என்றால் புரண்டு படுக்கிறது,
சிவப்பு என்றால்
"கம்பத்தைப் பார்க்க அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்"
என்றாள் விடுதிக்காரி எதுவிஹெஸ்,
சாவியை என் கையில் திணித்தபடி.

நாங்கள் வடக்கே, அன்டோஃபகாஸ்டாவிலிருந்து.
மழையைச் செய்தியில் பார்க்கிறவர்கள்.
ரெமிஹியோ தாமிரச் சுரங்கத்தில் வெடி வைப்பவன்.
பதினோரு வருடமாக
மலைகளைச் சில்லுச் சில்லாக்கிச் சம்பளம் கொண்டுவருகிறான்.
அவன் சட்டையை உதறினால் ஒரு சிறிய குன்று உதிரும்.
இருவரும் சேர்ந்து ஊரைவிட்டுக் கிளம்பியது
இதற்குமுன் ஒரே தடவை,
அதுவும் அவன் அண்ணனை அடக்கம் செய்ய.

முதல் நாள்
வழிகாட்டி மிஜாராய் விரலை நக்கிக் காற்றில் நீட்டினாள்.
"விளக்கு பச்சை. காற்று சிவப்பு. நாளைக்கு வாருங்கள்."

அதனால் ஏரி.
மஞ்சள் நிற இரட்டைப் படகு, இரண்டு துடுப்பு,
முன்னால் யார் உட்காருவது என்று ஒரு சண்டை.
நடு ஏரியில் என் துடுப்பு நழுவியது.
நழுவியது என்று நான் சொல்கிறேன்,
வீசினாய் என்கிறான் அவன்.
எப்படியோ, அது எங்களைவிட ஒழுங்காகக் கரை சேர்ந்தது.
நாங்கள் வட்டமடித்தோம்.
அடியில் எவ்வளவு ஆழம் என்று கேட்பதில்லை என
பேசாமலே முடிவுசெய்தோம்.
விசைப்படகில் ஒரு மீன்காரன் வந்தான்.
கயிற்றை எறியுமுன் விலையைச் சொன்னான்:
புகையில் வாட்டிய மீன் ஒன்று வாங்கினால்தான் இழுப்பானாம்.
இரண்டு வாங்கினோம்.

அன்றிரவு உச்சியில் ஒரு சிவப்பு,
அடுப்பணைக்க மறந்துபோன வீடு போல.
அவன் ஜன்னலில் வெகுநேரம் நின்றான்.
"பயமா?"
"திரி எங்கே என்று தேடுகிறேன்."

மறுநாள் நாலு மணி இருட்டில் ஏறத் தொடங்கினோம்.
காலில் இரும்புப் பற்கள், கையில் பனிக்கோடாலி.
வானம் வெளுத்தபோது கீழே ஏரிகள்,
ஒன்று, இரண்டு, மூன்றாவதை எண்ணுமுன் மேகம்.
ஐந்தாவது மணிநேரத்தில்
என் தொடைகள் என்னிடம் விவாகரத்து கேட்டன.
அவன் என் தண்ணீரை வாங்கிக்கொண்டான்,
பிறகு ஆப்பிள்களை,
பிறகு பையையே.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

உச்சியில், முகமூடிக்குள்ளும் கந்தகம்.
அடியில் ஏதோ இருமியது, வறண்ட இருமல்.
எத்தனையோ மலைகளின் வயிற்றைப் பிளந்தவன்
எட்டிப் பார்க்கவில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான்.
"மாட்டு! கல் பறக்கும்!"
மிஜாராய் அதட்ட,
பள்ளிக்கூடப் பையனைப் போல மாட்டிக்கொண்டான்.
"எங்கள் மப்பூச்சே பாஷையில்
இது ஓர் ஆவியின் வீடு" என்றாள் அவள்.
"வாடகை உண்டா?" மூச்சு வாங்கக் கேட்டேன்.
"ஆவி தராது. வசூலிக்கும்."

இறங்கியது நடந்து அல்ல.
பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு,
முன்னால் பனியில் பழைய சறுக்குத் தடம்,
அதற்கப்பால் நேராக ஏரி.
"கோடாலியை ஊன்று! ஊன்று!" அவன் கத்த
நான் ஊன்றவே இல்லை.
நாற்பத்து மூன்று வயதில்
ஒரு மலை முழுவதும் அலறிக்கொண்டே போனேன்.
பின்னாலேயே வந்து என்மேல் மோதி நின்றான்,
மீசையெல்லாம் பனி,
அவன் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருப்பது
எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஊர் திரும்பும் காலை.
பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி
பூசணி பிசைந்த மாவை வட்டம் வட்டமாகப் பொரித்துக்கொண்டிருந்தாள்.
தெருமுனையில் கம்பம்
பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.
சத்தமே இல்லை.
விளக்கைப் பார்த்தாள்,
எண்ணெயைப் பார்த்தாள்,
எண்ணெய்தான் அவசரம் என்று
கரண்டியால் திருப்பிப் போட்டாள்.
"எத்தனை?"

ரெமிஹியோ மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"நாலு" என்றான்.
பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.