மூவாயிரத்துக்குக் கீழே

பியூட் நகரில் காற்று கொஞ்சம் கஞ்சன்.
கடலோரத்தில் ஆறு படி அளப்பவன்
இந்த மொன்டானா மேட்டில் ஐந்தோடு கையை உதறுகிறான்.
என் முஸ்டாங்கின் எட்டு சிலிண்டர்களும்
அரை வயிற்றோடு மலையேறிப் பழகிவிட்டன.

அதனால்தான் சூப்பர்சார்ஜர்.
ஆடம்பரம் இல்லை, ஊட்டம் என்று
ஜோலினிடம் சொன்னேன்.
வரிப் படிவத்திலிருந்து அவள் நிமிரவில்லை.
"எத்தனை டாலர் ஊட்டம்?"

ரூட்ஸ் என்றொன்று.
என்ஜினின் மார்மேல் ஏறி உட்காரும் முரட்டுப் பெட்டி.
மிதித்த கணமே தருகிறது,
முகம் பார்க்காமல் எண்ணிக் கொடுக்கும் கடன்காரன்போல.
வட்டியை வெப்பமாக வசூலிப்பது
இரண்டாம் ஓட்டத்தில்தான் தெரியும்.

ட்வின் ஸ்க்ரூ வேறு சாதி இரும்பு.
இரண்டு திருகுகள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்று
முறுக்குப் பிழிவதுபோல் காற்றைத்
தன் வயிற்றுக்குள்ளேயே நெருக்கி அனுப்பும்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
விலையைத் தவிர,
என் காரின் பானெட்டை அறுக்க வேண்டும் என்பதைத் தவிர.

பிறகு சென்ட்ரிஃப்யூகல்:
ஓரமாய்ச் சுருண்டு கிடக்கும் நத்தை.
குளிர்ந்த சுபாவம், கீழே பேச்சே கிடையாது.
சுற்று இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.
ஆறாயிரத்தில் அதற்குச் சாமி வந்துவிடும்.
என் மனம் போய் விழுந்தது அங்கேதான்.
ராத்திரிகளில் அதன் வரைபடத்தைத் திறந்து
மேலேறும் அந்தக் கோட்டை
விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்,
வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பட்டறைக்காரி டார்லா பென்ஹேல்
வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.
ஒட்டுத்தாள் சுருள் ஒன்றைத் தூக்கிப் போட்டாள்.
"டாஷ்போர்டில் ஒட்டு.
ஊசி நாலாயிரம் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு போடு.
மூன்று வாரம். பொய்க் கோடு வேண்டாம்."

பகலில் நான் ஓட்டுவது பள்ளிப் பேருந்து, எண் பதினான்கு.
மஞ்சள் யானை.
மிதித்தால் யோசிக்கும், பிறகு பெருமூச்சு விடும்,
பிறகுதான் நகரும்.
பின்னால் முப்பத்தெட்டுக் குழந்தைகள்,
ஒருவன் தினமும் வாந்தி.
மாலையில் முஸ்டாங்:
பேஸ்டி கடை, பல் டாக்டர்,
ஜோலினின் தங்கை வீடு, மறுபடி பேஸ்டி கடை.

மூன்று வாரம் முடிந்தது.
தாளில் ஒரே ஒரு கோடு.

ஹோம்ஸ்டேக் கணவாய், செவ்வாய் இரவு,
பனி வழித்த ஈரச் சாலை,
பின்னால் பழைய சுரங்கக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள்.
பதினொரு விநாடி.
மிச்சமெல்லாம் மூவாயிரத்துக்குக் கீழே
காபியும் கையுமாக நடந்த வாழ்க்கை.

தாளை உரித்தேன். பசை விரலில் ஒட்டிக்கொண்டது.
அந்தப் பதினொரு விநாடிக்கு அவ்வளவு பணமா என்று
ஜோலின் கேட்பாள் என எதிர்பார்த்தேன்.
அவள் கேட்டது வேறு:
"அந்த ராத்திரி எங்கே போனாய்?"
எங்கும் இல்லை. திரும்பி வந்தேன்.
அதுவும் உண்மைதான்.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்.
ஒரு நாளைக்கு நாற்பது நிறுத்தம்,
ஒவ்வொன்றிலும் பேருந்து என்னை இரண்டு விநாடி
காக்க வைக்கிறது.
இருபத்திரண்டு வருடமாக.
எனக்கு உச்சி வேண்டாம்.
கேட்டவுடன் பதில் வேண்டும்.

ரூட்ஸ் வாங்கினேன். பழையதுதான்,
பில்லிங்ஸில் யாரோ விவாகரத்துக்காக விற்றது.
டார்லா சின்னப் புல்லி போட மறுத்துவிட்டாள்.

ஹாரிசன் அவென்யூ சிக்னலில் முதல் நாள்.
பக்கத்தில் ஒரு சுபாரு, ஜன்னலில் நாய்.
பச்சை விழுந்தது. கால் பெருவிரல் அளவு மிதித்தேன்.
பதில் எனக்கு முன்னாலேயே புறப்பட்டிருந்தது.
பெல்ட்டின் கீச்சொலிக்கு
நாய் மட்டும் காதைத் திருப்பியது.

மறுநாள் காலை ஆறே முக்கால்.
பேருந்து எண் பதினான்கு.
மிதித்தேன்.
ஒன்று.
இரண்டு.