கிரேன் விளக்குக்கு இடப்பக்கம்

இன்ஃபென்டா அக்கா இருக்கும் இடத்தில் இப்போது
மைனஸ் இருபத்தொன்பது.
நான் நிற்கும் கண்டெய்னருக்குள் மைனஸ் இருபத்திரண்டு.
ஏழு டிகிரி வித்தியாசத்தில்தான்
இந்த வருஷம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால்
சோஹார் துறைமுகம், நாற்பத்தாறு.
மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும்.
தார் இளகும் வாசனையை வைத்து
என் வண்டி எந்தப் பக்கம் என்று நிதானிப்பேன்.

அவள் டாக்டர்.
இருபத்துமூன்று பேருக்கு ஒருத்தி.
மே கடைசியில் போன சூரியன்
ஜூலையில் திரும்பியபோது
எல்லாரும் கூரையேறி நின்றார்களாம்.
அரைமணி நேரம்கூட இல்லை.
ஆரஞ்சுச் சுளையை யாரோ பனிமேல் வைத்துவிட்டு
மனசு மாறி எடுத்துக்கொண்ட மாதிரி, என்றாள்.
இனி எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"இல்லடா. இருட்டுல யாரும் எதுக்கும் ஆசப்படல.
இப்பதான் ஆரம்பிச்சிருக்கு.
ஜெனரேட்டர் பாக்குற தேபாசிஷ்
ஒரு கேரம் காய்க்காக
சமையல்காரர்கிட்ட ஜூன்லேர்ந்து பேச்சில்ல.
நேத்து ரெண்டு பேரும் தனித்தனியா வந்து
கப்பல் எப்பன்னு கேக்குறாங்க.
நான் என்ன துறைமுகமா?"

நான்தான் துறைமுகம்.
அன்று வந்த சரக்கை வாசித்துக் காட்டினேன்.
பச்சை மிளகாய். முருங்கை.
கறிவேப்பிலை நாற்பது பெட்டி.
"மெதுவா" என்றாள்.
கொத்தமல்லி வந்தபோது
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.
ஒரு கட்டைப் பிரித்துக் கசக்கி
போனின் வாயருகே பிடித்தேன்.
அப்படியெல்லாம் போகாது, எனக்கும் தெரியும்.
அவள் மூச்சை இழுத்தது மட்டும்
இங்கே கேட்டது.

இங்கும் ஒரு பருவம் முடிகிறது.
மூன்று மாதமாக நடுப்பகலில்
வெளிவேலை கூடாது என்று சட்டம்.
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டி
எட்டுப் பேர் ஓர் அறையில்
செய்துகொண்ட இருட்டில் கிடந்தோம்.
தில் பகதூரின் ஒரே ஜோக்குக்கு
அவன் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கப் பழகினோம்.
சீப்பை எடுத்தது யார் என்ற வழக்கு
இன்னும் நிலுவையில் இருக்கிறது.
முப்பத்தொன்றோடு ஓய்வு முடிகிறது.
வெயில்தான் அந்த நோட்டீஸைப் படிக்கவில்லை.

கேட்டில் நிற்கும் காமிஸ் சொன்னார்:
சுஹைல் கண்ணில் பட்டுவிட்டால்
ராத்திரித் தண்ணீர் குளிரத் தொடங்கும்.
சுஹைல் என்றால் நட்சத்திரம்.
அக்காவிடம் சொன்னேன்.
தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"நம்ம அகத்தியர்டா அது.
இங்க குளிர்காலம் பூரா அவரு இறங்கவே இல்ல.
தலைக்கு மேலயே சுத்திக்கிட்டுக் கெடந்தாரு.
அவரு மறைஞ்சாத்தான் எங்களுக்குக் கப்பல்."

ஆக, உங்களுக்குத் தொலைய வேண்டியதுதான்
எங்களுக்கு வர வேண்டியது.

மூன்று விடியல் புழுதியில் போயிற்று.
நான்காவது நாள், நைட் ஷிப்ட் முடியும் நேரம்,
காமிஸ் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.
தென்கிழக்கே, மிகத் தாழ்வாக,
சிவப்பும் பச்சையுமாக ஒரு துடிப்பு.
"கிரேன் விளக்கு" என்றேன்.
"கிரேனுக்கு இடப்பக்கம் பார்."
"அது இன்னொரு கிரேன்."
அவர் வாதாடவில்லை.
தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டியின் உள்ளே போய்
அளவு குறித்துக்கொண்டு வெளியே வந்து
போன் போட்டேன்.
வாசலைத் தாண்டினால் அவளுக்கு சிக்னல் போய்விடும்.
கதவிடுக்கில் நின்று அண்ணாந்தாள் போல,
காற்று முதலில் பேசியது.

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது.
உனக்கு?"

கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தேன்.

"இருக்கா.
பனி படிஞ்சிருக்கு."