தோற்ற நாடு

படிவத்தில் பன்னிரண்டாவது கட்டம்.
வெங்காயத்துக்கு நிரப்பியிருக்கிறேன், கருங்கல்லுக்கு,
உறைந்த இறாலுக்கு,
ஒருமுறை மூட்டை மூட்டையாய் மனித முடிக்கு.
பேனா நின்றதில்லை.

தம்புச்செட்டித் தெருவிலிருந்து
பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுக்கு
இந்த ஒரு கட்டத்துக்காகப் பஸ் ஏறினேன்.

மூலையில், வகுப்பில் தண்டனை வாங்கியவன் போல
சுவரைப் பார்த்து நின்றது டபுள் பாஸ்.
"அண்ணனோடதா?" என்றேன்.
"என்னோடது மேன்" என்றார் மிஸ் யூனா ரொசாரியோ.
"ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல, சனிக்கிழமை சனிக்கிழமை,
ஹீல்ஸ் போட்டா எட்டும்."

மகள் இருக்கிற பெர்த்துக்குப் போகிறார்.
இதுவும் போகிறது.
கடைசியாகப் பூசிய மெருகு
கேரேஜ் ஒர்க்ஸில் ரயில் பெர்த்துக்கு அடிப்பதாம்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விற்றவன் இத்தாலி என்றானாம். விற்பவன் வேறென்ன சொல்வான்.
முதுகு தட்டை, கழுத்தருகே உள்ளே ஒரு மடிப்பு:
ஜெர்மனி என்றார் பியானோ சுருதி பார்க்க வந்தவர்.
தலையில் பிரடைக்கான துளை ஒன்றை மரம் வைத்து அடைத்திருக்கிறது,
ஆக, முன்பு மூன்றே தந்தி. அப்போ இங்கிலாந்து.
மூன்று தந்தி இத்தாலியிலும் இருந்ததே
என்று நேற்றிரவு படித்ததைச் சொன்னேன்.
குதிரை மட்டும் தேக்கு.
அதன் ஊரை யாரும் கேட்கவில்லை.

ஒரு தந்தியை இழுத்துவிட்டார்.
முதலில் தரைக்குக் கேட்டது,
அப்புறம் என் பல்லுக்கு,
காது கடைசி.

வியாசர்பாடியிலிருந்து இலியாஸ் வந்தான்,
சாக்கடைக் குழாய்க்குள் விடுகிற கேமராவோடு.
"டெட்டால் போட்டுத் தொடச்சிட்டேன் சார்."
நெளிந்த துளை வழியே ஒயர் இறங்கியது.
போன் திரையில் தூசி. குளவி கட்டிய மண் வீடு.
ஒற்றைக் கம்மல்.
"அறுபத்தெட்டுல தேடினேன் மேன், அறுபத்தெட்டுல!"
பெயர்ச்சீட்டு ஒட்டிய இடத்தில்
வெளுத்த சதுரம். பசை ருசித்த பூச்சி
ஊரையும் சேர்த்துத் தின்றிருந்தது.

பிறகு பென்சில் எழுத்து, தமிழில்:
வஜ்ஜிரம் காயல. தொடாதே.
மூவரும் கையை எடுத்துக்கொண்டோம்.

இன்னும் உள்ளே, விலாப்பலகை ஓரம்,
107.
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.
"தப்பா எழுதி அடிச்சிருக்கான்" என்றான் இலியாஸ்.
இல்லை. எனக்குத் தெரியும்.
ஹாம்பர்க் பில்லில் ஏழு இப்படி அரைஞாண் கட்டித்தான் வரும்,
ஆன்ட்வெர்ப்பிலிருந்தும். லண்டன் ஏழுக்கு அது கிடையாது.
இருபத்திரண்டு வருஷம் பில் பார்த்த கண்.
ஒரே கோட்டில் இங்கிலாந்தை
வீட்டுக்கு அனுப்பிவிட்ட பெருமையில்
காபியை எடுத்தேன்.

"எங்க கான்வென்ட்ல சிஸ்டர் லூட்கார்ட்
ஏழுக்கு அப்படித்தான் கோடு போடுவாங்க" என்றார் மிஸ் யூனா.
பால் கணக்கு நோட்டை விரித்தார்.
பதினேழு, இருபத்தேழு, எழுபது,
எல்லா ஏழுக்கும் அரைஞாண்.
"உள்ளே எழுதினது நீங்களா?"
"கை போகுமா மேன்?"
"வேற யாராவது, அதே ஸ்கூல்ல..."
"ஆயிரம் பேர் படிச்சோம். ராயபுரத்துல பாதி."

காபி ஆறியிருந்தது.

கணினி வெற்றுக் கட்டத்தை ஏற்காது.
பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் நாடு,
அது செய்யப்பட்டபோது இருந்த நாடு
அதில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.
நான் எதை அழுத்தினேன் என்பது
எனக்கும் சுங்க இலாகாவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜீரோ கேட்.
லாரிகளின் சூடு, மீன் லோடு ஒழுகிய தண்ணீர்.
கன்டெய்னர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
காவலர் கண்ணருகே கொண்டுபோனார்.
"என்னய்யா இது, கடைசி நம்பரை அடிச்சிருக்கே?"

அடிக்கல சார்.
ஏழுதான் அது.