ஏழாவது கட்டம்

லெனேசியாவில் ஆகஸ்ட் காற்று
உதட்டைத்தான் முதலில் விசாரிக்கும்.
காரிலேயே களிம்பு தடவிக்கொண்டு இறங்கினேன்.
கோகிலம் படையாச்சி வீடு.
கோரிக்கை எண்ணைச் சொன்னதும்
மேசைமேல் துண்டை விரித்துப் பெட்டியை வைத்தார்.

கடிதப் பெட்டி. ஜப்பானியது.
இருபதுக்குப் பன்னிரண்டு, உயரம் ஆறு சென்டிமீட்டர்.
குனிந்தால் அந்தக் கறுப்பில்
என் கழுத்துப்பட்டை தெரிந்தது.
மூடியில் தங்கப்பொடி தூவி எழுப்பிய நாணல்,
நுனியில் ஒரு தட்டான்.
அதன் இடச்சிறகிலிருந்து மூலைவரை
முடியளவு விரிசல்.

கீழே விழுந்ததா?
இல்லை.
மேலே ஏதாவது?
இல்லை.
வீடு மாற்றிய லாரியில்?
அப்போது நன்றாயிருந்தது.
உள்ளே என்ன இருந்தது?
கரண்டு பில்.

டர்பன் துறைமுகத்தில்
சர்க்கரைக் கிடங்குப் பளுதூக்கியை ஓட்டியவர் அவர் கணவர்.
கப்பல் சமையற்காரன் ஒருவனுக்கு
மூன்று வாரம் பச்சைமிளகாய் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.
கிளம்பும் நாளில் அவன் நீட்டியது இது.
முப்பத்தோரு வருஷம் கடல் ஈரத்தில் இருந்தது;
ஈரத்தில்தான் காயுமாம் அந்த மரத்தின் பால்.
இங்கே வந்தபின்
யாரோ சொன்னதைக் கேட்டு
அலமாரிக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார்.
வாரத்துக்கு இரண்டு விரல் குறையும்.
குடிக்கிறது பார், என்று மகன் சிரிப்பான்.
இடுப்பு அறுவைக்கு அவர் படுத்திருந்த ஏழு வாரமும்
வீட்டை மகன் சுத்தமாக வைத்திருந்தான்.
தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

படிவத்தில் ஏழாவது கட்டம்: சேதத்தின் காரணம்.
தீ, வெள்ளம், மோதல், திருட்டு.
எதிலும் டிக் போட முடியவில்லை.
பின்பக்கம், பொடி எழுத்தில்,
தட்பவெப்பம் இதில் சேராது என்று ஒரு வரி.
பதினோரு வருஷமாக அதைப்
பிறருக்குப் படித்துக் காட்டுகிறேன்.
வெருலத்தில் பிறந்தவன்.
என் குதிகாலைப் பற்றி
எந்தக் கட்டமும் கேட்டதில்லை.

படித்தேன்.
மழை வந்தால் கூடிக்கொள்ளுமா, என்றார்.
கூடாது, என்றேன்.
அக்டோபர் வரை மழையே இல்லை என்பதையும் சொன்னேன்,
ஏனென்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டு
சமையலறைக்குப் போய்
தம்ளர் விளிம்புவரை தண்ணீரோடு
மெதுவாக, காலை இழுத்து இழுத்து வந்தார்.
எழுந்து கை நீட்டினேன்.

"உங்களுக்கு இல்லை, தம்பி."