ஒன்றரை மில்லிமீட்டர்

ஒஸ்த்ராவா சுரங்க மருத்துவமனையை மூடியபோது
எக்ஸ்ரே அறையிலிருந்து கழற்றி விற்ற லென்ஸ்.
ஒன்றரைக் கிலோ. குவியம் திருப்ப வளையம் கிடையாது,
துளையைச் சுருக்க இதழ்களும் கிடையாது.
நுரையீரல் தவிர வேறெதையும் பார்த்ததில்லை,
அதுவும் ஒரே தூரத்தில்,
மூச்சை அடக்கி நின்றவர்களை மட்டும்.

என் கேமராவுக்குள் ஆடும் கண்ணாடி இல்லை,
அதனால் இடமுண்டு. ஆனாலும் இது
சென்சாரை முட்டுமளவு நெருங்கித்தான் உட்காருவேன் என்கிறது,
விருந்துக்கு வந்தவர் அடுப்படிக்கே வருவதுபோல்.
குழாய்க்கடையில் வாங்கிய பித்தளை மரை,
கவ்விப் பிடிக்க பியர் டப்பாத் தகடு,
உள்ளே ஒளி தெறிக்காமலிருக்க
ஒற்றையாய் மிஞ்சிய கறுப்புக் காலுறை.

திருகினேன்.
ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கோபுரம்
தண்ணீரில் போட்ட வெல்லமாய்க் கரைந்தே நின்றது.
முடிவிலிக்கு இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர்.

மேல்மாடி ஓத்மார் ஏணியைத் திருப்பித் தர வந்தார்.
"அங்கேயே நில்லுங்க" என்றேன்.
பழக்கதோஷம்:
சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி
மூச்சை இழுத்து அடக்கினார்.

புருவத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.
இமையடியில், மை தீட்டியதுபோல்,
எத்தனை கழுவியும் போகாத கரி.
காதுக்கு அப்பால் உலகம் இல்லை.

"கோபுரம் தெரியுதா, போஹ்தனா?"
"இல்லை."
"நல்லது. முப்பது வருஷம் பார்த்தாச்சு அதை.
இப்போ மூச்சு விடலாமா?"

விட்டார். இருமினார். படம் அசைந்துவிட்டது.

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு
அரத்தைத் தேடினேன்.
எனக்குக் கோபுரமும் வேண்டும்.