நாலாம் நாள் தண்ணீர்

'டப்பாக்காரி வந்துட்டா'
என்று லைன் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவரும்.
நாற்பது பிளாஸ்டிக் குவளைகள்,
ஒவ்வொன்றினுள்ளும் நகமளவு படலம்.
விட்டத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு
தொண்ணூறு நாள் கழித்து எடுத்துப்போவது என் வேலை.
மாதச் சம்பளம் கிடையாது, குவளைக்கு இவ்வளவு.

கேமராவா என்று கேட்டார் போஜன்.
இல்லை என்றேன். நம்பவில்லை.
தொண்ணூறு நாளும் துண்டு போர்த்தியே இருந்தது
அவர் வீட்டுக் குவளை.
இன்னொரு வீட்டில் அதில் சீரகம் இருந்தது.

பாறையிலிருந்து வருகிறது என்பேன்,
தரை வெடிப்பில் ஏறுகிறது,
போர்த் தண்ணீரோடு குழாயில் வந்து
குளிக்கும்போது, துணி அலசும்போது
கழன்றுகொண்டு அறைக்குள் நிற்கிறது.
நாற்றம் அடிக்குமா?
அடிக்காது.
அத்தோடு ஆர்வம் போய்விடும் அவர்களுக்கு.

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லவேண்டும்.
அச்சடித்த தாளில் அப்படித்தான் இருக்கிறது.
தேயிலைமேல் உறைபனி உப்பாய்க் கிடக்கும் தை மாதத்தில்,
இடுக்கெல்லாம் சாக்கு திணித்த வீட்டில்,
கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்க
அந்த வரியை மட்டும்
நான் வேகமாக வாசித்துவிடுவேன்.

ஆய்வகத்தில் சூடான காஸ்டிக் சோடாவில்
ஒன்றரை மணி நேரம் படலம் ஊறும்.
பிறகு மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஊசிக்குத்துகள்.
ஒவ்வொரு குத்தும் ஓர் அணு உடைந்த இடம்.
ஏழாம் லைன் கடைசி வீட்டுப் படலம்
மல்லுத்துணி மாதிரி இருந்தது.
மூன்று முறை எண்ணினேன்.
மூன்று முறையும் வேறு எண்,
எல்லாமே பெரியது.

தண்ணீர்ப் படிவத்தில்
ஃப்ளோரைடுக்குக் கட்டம் உண்டு, இரும்புக்கு உண்டு,
கலங்கலுக்கு உண்டு.
'இதர' என்ற இடத்தில் எழுதிக் கொடுத்தேன்.
உதவிப் பொறியாளர் அடித்தார்,
கோபமில்லாமல், எழுத்துப்பிழை திருத்துவதுபோல.
'வரம்பே போடாத ஒண்ணு எப்படிம்மா வரம்பு மீறும்?'
அந்தத் தண்ணீரில் போட்ட டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.
எனக்கும் ஒன்று வரவழைத்தார்.
நல்ல மனிதர்.

ஏழாம் லைன் கடைசி வீடு யோகேஸ்வரியுடையது.
பின்சுவர் என்று தனியாக இல்லை,
பாறைதான் சுவர்.
எண்ணைச் சொன்னேன். அவள் எண்ணைக் கேட்கவில்லை.
'எத்தனை நாள் உசிரோட இருக்கும் அது?'
ஏறக்குறைய நாலு நாளில் பாதி போய்விடும்.
'மிச்சம் பாதி?'
அதில் பாதிக்கு இன்னொரு நாலு நாள்.
'தோட்டத்துக் கடன் மாதிரி' என்று சிரித்தாள்.

மறுவாரம் வாசலில் ஐந்து நீல டிரம்கள்.
சாக்கட்டியில் கிழமை எழுதியிருந்தாள்.
செவ்வாய் பிடித்தது சனிக்குத்தான் அண்டாவுக்குப் போகும்.
அளவுகோல் இல்லை, அரசாணை இல்லை.
மாமியார் முணுமுணுத்தும் விடவில்லை.

பிறகு டெங்கு ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள்.
திறந்த டிரம்முக்கு ஐந்நூறு அபராதம்.
அதற்குக் கட்டம் இருந்தது,
ரசீதுப் புத்தகமும் இருந்தது.
நாலு நாள் பொறுத்த தண்ணீரை
காலால் சாய்த்தார்கள்.
தேயிலைக்குள் இறங்கிப்போனது.

நான் போனபோது
பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்து
டிரம் வாய்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
'காத்து போகும், கொசு போகாது.
சரி, எம்புட்டு இருந்தா தப்புன்னு சொல்லுது சர்க்காரு?'
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.
'பேசட்டும்' என்று சொல்லி
அழிந்துபோன புதனை
மறுபடி எழுதினாள்.

கோத்தகிரியில் என் வாடகை அறை
சாலைக்குக் கீழே, மலையை வெட்டி இறக்கியது.
நாற்பத்தொன்றாவது குவளை
கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.
தொண்ணூறு முடிந்து பதினேழு நாள் ஆகிறது.
படலத்தை இன்னும் கழற்றவில்லை.

ராத்திரி படுக்குமுன்
ஜன்னலில் ஒரு செருப்பைச் செருகி வைக்கிறேன்,
மூடிக்கொள்ளாமல் இருக்க.
விடிவதற்குள் எப்போதோ
குளிர் தாங்காமல்
நானே எழுந்து
எடுத்துவிடுகிறேன்.